பின்வடம்

குற்றாலிங்கம் தேரின் பின்சட்டத்தில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினார். தேர் அசையவில்லை.

"என்னம்மா, கனம் போயிட்டுன்னு சொன்னீய?"

"போயிடுச்சு சார். தள்ளிக்கிட்டே இருங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி ஊன்றித் தள்ளினார். கூட வந்திருந்த விழாக் குழுக்காரர்கள் இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். இஞ்சினியர் நறுமுகை கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் பக்கத்தில் நின்றாள். பெட்டியில் தெரிந்த எண் அறுபது டன்னிலிருந்து இறங்கி, அரை டன்னுக்குச் சற்று மேலே நின்றிருந்தது. தேரின் அடியில் அவள் பொருத்தியிருந்த தகடுகள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

தேர் நகர ஆரம்பித்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த சாணி கண்முன்னால் கீழே இறங்கிப் போனபோதுதான் தெரிந்தது.

குற்றாலிங்கம் சிரித்தார். "மூணு பேருலா! வெறும் மூணு பேரு!"

அவர் கையை எடுத்துவிட்டார். மற்ற இருவரும் எடுத்துவிட்டார்கள். தேர் போய்க்கொண்டே இருந்தது.

"சரி, போதும்" என்று சொல்லிக்கொண்டே அவர் தேரைச் சுற்றி முன்பக்கம் போனார்.

"சார், முன்னால போகாதீங்க!"

அவர் அதற்குள், முட்ட வரும் கன்றுக்குட்டியைத் தடுப்பதுபோல், தேரின் முன்சட்டத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். தேர் நிற்கவில்லை. வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தவழும் குழந்தை அதைவிட வேகமாகப் போகும். அவர் ஓர் அடி பின்வாங்கினார். இன்னோர் அடி. இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். முதுகு தேர்க் கொட்டகையின் தகரக் கதவில் முட்டியது. கதவு உள்வாங்கியது.

நறுமுகை பெட்டியின் குமிழைத் திருப்பினாள். எடை திரும்பியது. அச்சுகள் முனகின. தேர் நின்றது. அவர் மார்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது.

அவர் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"கனம் இல்லன்னுதானம்மா சொன்னீய?"

"எடைதான் இல்ல. நிறை அப்படியே இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல சார். பூமி கீழே இழுக்குறதுதான் எடை. அந்த இழுப்பை இந்த மெஷின் குறைக்குது. தேர்ல இருக்குற மரத்தையோ இரும்பையோ அது குறைக்கல. அது நிறை. நிக்கிற தேர் நிக்கத்தான் பாக்கும். ஓடுற தேர் ஓடத்தான் பாக்கும். முந்தி தரை அதைப் பிடிச்சு நிறுத்தும். எடை போயிட்டா தரையால பிடிக்க முடியாது."

அவர் தலையாட்டினார். அவர் கவனம் வேறெங்கோ இருந்தது.

"நாலு வீதியும் இழுக்க எத்தன பேரு போதும்?"

"நாற்பது பேர் போதும்."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். "நாப்பது பேரு நம்மகிட்டயே இருக்குலா" என்றார்.

ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஆலங்கரை மேலத்தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் டொராண்டோவிலும் பெர்த்திலும் இருந்தார்கள். குற்றாலிங்கத்தின் மகன் நிலவில், சுரங்கத்தில் இருந்தான்.

*

தேருக்குக் கட்டை போடுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள் நறுமுகை.

"மாசானத்த இங்க வரச் சொல்லுதேன். நீங்க எதுக்கு அங்க போணும்?"

அவள் போனாள்.

கீழத்தெருவின் தொடக்கத்திலேயே மாசானத்தின் வெல்டிங் பட்டறை இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் கேட்டும் ஜன்னலும் செய்வார். தேரோட்டத்தன்று சக்கரத்துக்கு முன்னால் கட்டை போடுவார். ஓடுகிற தேரை நிறுத்துவதும் வீதி முக்கில் திருப்புவதும் அந்தக் கட்டைகள்தான். சாய்வாகச் செதுக்கிய புளியமரத் துண்டுகள். பட்டறைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்.

"இந்தா வந்துட்டாவ, பஞ்சுப்பெட்டிக்காரம்மா" என்றாள் உள்ளேயிருந்து வந்த பெண். மாசானத்தின் மனைவி பூமாரி. வார்டு கவுன்சிலர்.

"பஞ்சுப்பெட்டியா?"

"ஊரே அப்படித்தான் சொல்லுது. தேரைப் பஞ்சாக்கப் போறீயளாமே. டீ குடிப்பீயளா, இல்ல எங்க வீட்ல குடிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காவளா?"

"குடிப்பேன்."

"ஏட்டி, சும்மா இரு" என்றார் மாசானம்.

"நான் என்ன தப்பாவா கேட்டேன்?"

டீ வந்தது. நறுமுகை குடித்தாள். பூமாரி நின்றுகொண்டே பேசினாள்.

"எங்க ஆளுக சக்கரத்துக்கு அடியில கைய விடலாம். வடத்தைத் தொடக் கூடாது. அதான் இங்க வழக்கம். போன வருசம் மேலத்தெருவுல ஆள் பத்தாம தெக்கு வீதியிலயே தேர் நின்னுட்டு. மழையில நனைஞ்சுகிட்டு நின்னுச்சு. அப்பவும் எங்களக் கூப்பிடல. கேஸ் போட்டேன். தேர் இழுக்க ஆள் தேவைப்படுத வரைக்கும் யாரையும் விலக்கக் கூடாதுன்னு தீர்ப்பு."

"நல்ல தீர்ப்புதானே?"

"நல்ல தீர்ப்புதான். ஆள் தேவைப்படுத வரைக்கும். எத்தன பேரு போதும்னு சொன்னீய?"

நறுமுகை கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாற்பது."

"அவ்வளவுதான்" என்றாள் பூமாரி.

நறுமுகை வெளியே வந்து, சாலையோரத்தில் நின்று, சென்னையிலிருந்த தன் மேலாளர் பெலிக்ஸை அழைத்தாள். அவர் முழுவதும் கேட்டார்.

"தேரை லேசாக்கச் சொன்னாங்க, லேசாக்குறோம். யார் இழுக்கணும்னு நாம சொல்ல முடியாது, நறுமுகை."

"நாமதான் சொல்லியிருக்கோம்."

"என்ன சொன்னோம்?"

"நாற்பதுன்னு."

"உனக்கு வேண்டாம்னா சொல்லு. வேற ஆளை அனுப்புறேன்."

வேறு ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். பாலம் கட்டும் இடங்களில் வேலை பார்த்தவன். அங்கே தண்டவாளமும் இரும்புப் பிடிகளும் இருக்கும். மனிதர்கள் கையால் நிறுத்துகிற ஒன்றை அவன் பார்த்ததில்லை. அவள் இருப்பதாகச் சொன்னாள். இருந்ததற்கு அது மட்டும்தான் காரணமா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறாள்.

திரும்பிப் போனபோது மாசானம் ஒரு கட்டையை இழைத்துக்கொண்டிருந்தார்.

"நான் மூணு வருஷம் நிலவுச் சுரங்கத்துல இருந்தேன்" என்றாள். "அங்க எடை இங்க இருக்குறதுல ஆறுல ஒரு பங்கு. புதுசா வர்றவங்க முதல் வாரம் துள்ளிக்கிட்டுத் திரிவாங்க. ஒருத்தர், தாது நிரப்பின வண்டி உருண்டு வந்ததைக் கையால நிறுத்தப் போனார். அங்க அந்த வண்டியை ரெண்டு பேர் தூக்கிடலாம். அதனால நிறுத்திடலாம்னு நினைச்சார்."

"நிறுத்தினாரா?"

"வண்டி சுவர்ல முட்டி நின்னுச்சு. நடுவுல அவர் இருந்தார்."

மாசானம் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"அப்ப கட்டை பிடிக்காதா?"

"எடை இல்லாதப்ப பிடிக்காது. சக்கரம் கட்டை மேல ஏறி இறங்கிப் போயிடும். அதனால நீங்க நிறுத்தணும்னு நினைக்கிறப்ப விசில் அடிங்க. நான் எடையைத் திருப்பிக் குடுப்பேன். மெதுவாத்தான் குடுக்க முடியும், திடீர்னு குடுத்தா அச்சு முறிஞ்சிடும். எடை முழுசா வந்ததும் கட்டையைப் போடுங்க."

"அப்ப வழக்கத்தவிட முன்னாடியே விசில் அடிக்கணும்."

"ஆமாம். எப்ப கட்டை போடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். "கை தானாப் போவும் தாயி."

அந்தப் பதிலை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

*

தேரோட்டத்தன்று காலையிலேயே காற்று பலமாக இருந்தது. ஆனி மாதக் காற்று. தேரின் நான்கு பக்கமும் தொங்கிய துணித் தொம்பைகள் ஆடின. மேலத்தெருவிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வடத்தின் தலையைக் குற்றாலிங்கம் பிடித்தார். அது அவர் குடும்பத்துக்கு உரிய மரியாதை.

கீழத்தெரு ஜனம் தங்கள் தெரு முனையில் தள்ளி நின்று பார்த்தது. பூமாரி வரவில்லை.

வெடி போட்டார்கள். கொட்டு முழங்கியது. நறுமுகை எடையை இறக்கினாள். முப்பத்தெட்டுப் பேரும் இழுத்தார்கள். தேர் யோசித்து, பிறகு வந்தது.

கிழக்கு வீதியில் எல்லாம் சரியாக நடந்தது. முக்கு வருவதற்கு வெகுமுன்பே மாசானம் விசில் அடித்தார். அவள் எடையைக் கொடுத்தாள். கட்டை கடித்தது. தேர் திரும்பியது. கூட்டம் கைதட்டியது.

தெற்கு வீதியில் இளைஞர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"லேய், சைக்கிள் மாதிரி வருதுல!"

"இழுடே, இழு! ஓட்டிக் காட்டுவோம்!"

அவர்கள் ஓடினார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலிங்கமும் சிரித்துக்கொண்டே ஓடினார். அறுபத்திரண்டு வயது. நறுமுகை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். "மெதுவா!" என்று கத்தினாள். கொட்டுச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

முக்கு நெருங்கியது. விசில் வரவில்லை.

அவள் மாசானத்தைப் பார்த்தாள். அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி ஓடிக்கொண்டிருந்தார். கையில் கட்டை. தலையைச் சாய்த்து வைத்திருந்தார். எதையோ எதிர்பார்க்கிறவர்போல இருந்தார்.

அவள் காத்திருக்காமல் குமிழைத் திருப்ப ஆரம்பித்தாள். அதே நேரத்தில் முன்னால் ஒருவன் தடுக்கி விழுந்தான். அவன் மேல் இன்னும் இரண்டு பேர். வடம் தொய்ந்து அவர்கள் கால்களில் சுற்றியது. குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். வடம் அவர் முழங்காலில் இழுத்தது. தேர் வருகிற வழியில் மல்லாந்து விழுந்தார்.

மாசானம் கட்டையைப் போட்டார். சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. கட்டை தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது. அவர் இரண்டாவது கட்டையைப் போட்டார். அது தரையில் பிடிக்காமல் சக்கரத்துக்கு முன்னால் வழுக்கிக்கொண்டே போனது. வழுக்காமல் இருக்க, அதன் முன்னால் தன் குதிகாலை ஊன்றினார்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கனத்தப் போடுங்க!"

அவள் அவர் காலைப் பார்த்தாள். சட்டத்துக்கு முன்னால் கிடந்தவர்களைப் பார்த்தாள். குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.

தேர் தரையில் அமர்ந்தது. எங்கோ ஓர் அச்சு வெடித்தது. சக்கரம் கட்டையை அழுத்தி, கட்டை இன்னும் ஒரு சாண் நகர்ந்து, நின்றது. குற்றாலிங்கத்தின் தலைக்கு நேர் மேலே முன்சட்டம் இருந்தது.

மாசானம் கத்தவில்லை. கட்டை அவர் பாதத்தின் மேல் இருந்தது.

தெரு முனையிலிருந்து கீழத்தெரு ஆட்கள் ஓடி வந்தார்கள். நறுமுகை எடையை மறுபடியும் இறக்கினாள். எண் அரை டன்னுக்கு வந்தது. கிடைத்தவர்கள் எல்லோரும் தேரில் கை வைத்துப் பின்னால் தள்ளினார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் கலந்து தள்ளின. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தேர் அசையவில்லை.

"கனம் போவலயா?" என்று ஒருவன் அழுதான்.

"போயிடுச்சு. தள்ளுங்க. தள்ளிக்கிட்டே இருங்க."

நேரம் ஆனது. எடையே இல்லாத அது, தனக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் நகர்ந்தது. அத்தனை நேரமும் மாசானம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மாசானத்துக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நறுமுகை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூமாரி எழுந்து வெளியே போய்விட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கூடை ஆப்பிள் இருந்தது. குற்றாலிங்கம் கொண்டுவந்தது. பிரிக்காமல் இருந்தது.

"விசில் ஏன் அடிக்கல?"

"சத்தம் வரல தாயி."

"என்ன சத்தம்?"

"அச்சு மொனங்கும். ஓட ஓட ஒரு மாதிரி மொனங்கும். முக்கு வரும்போது அந்த மொனகல் நீளும். அதக் கேட்டாக் கை போவும். கிழக்கு வீதியில எல்லாரும் மெதுவாப் போனாவ, கண்ணால பாத்து அடிச்சேன். இங்க வேகமாப் போவுது. கண்ணு பத்தல. காதுதான் வேணும். அது வரும் வரும்னு பாத்தேன்."

"எடை இல்லாத தேர் முனகாது."

"நீங்க சொல்லலியே."

"நீங்களும் சொல்லல."

"ஆமா" என்றார். "நானும் சொல்லல."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டாள்.

"கால் அங்க இருக்குன்னு தெரிஞ்சுதான் போடச் சொன்னீங்களா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்லா?"

"தெரியும்."

அவர் போர்வையைச் சரிசெய்தார். கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது.

"அடுத்த வருசமும் பெட்டி வருமா?" என்று கேட்டார்.

*

விசாரணைக்கு எல்லோரையும் கூப்பிட்ட அதிகாரி இளைஞர். எந்தப் பக்கமும் மனம் கோணக் கூடாது என்று நினைக்கிறவர்.

"அந்த மெஷினைத் தடை பண்ணிடலாமா?"

"மெஷின் மேல தப்பில்ல சார்" என்றார் குற்றாலிங்கம். "எங்க பயலுவ ஓடினது தப்பு. ஆளே இல்லாத ஊருக்கு அது இல்லாம தேர் ஓடாது. நிறுத்துததுக்கு ஒரு வழி இருந்தாச் சரி."

"ஆள் இல்லாத ஊரா?" என்றாள் பூமாரி. "நாங்க யாரு?"

அதிகாரி நறுமுகையின் பக்கம் திரும்பினார். "நிறுத்த வழி இருக்கா?"

இருந்தது. பெலிக்ஸ் தொலைபேசியில் அதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். செலவில்லாத வழி, கம்பெனிக்கு அதில் ஒன்றுமில்லை.

"பின்னால ஒரு வடம் கட்டணும். அதை ஆட்கள் பிடிச்சுக்கிட்டே வரணும். வேகம் கூடினாப் பின்னால இழுத்துப் பிடிக்கணும்."

"எத்தனை பேர்?"

"முந்நூறு."

"முன்னால இழுக்க நாற்பது, பின்னால பிடிக்க முந்நூறா?"

"கிளப்புறதுக்கு நேரம் எடுத்துக்கலாம் சார். நிறுத்துறதுக்கு நேரம் கிடைக்காது."

அறையில் இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். முந்நூறு பேருக்கு மேலத்தெருவில் எங்கே போவது? குற்றாலிங்கம் கொஞ்ச நேரம் துண்டின் நுனியைத் திருகினார்.

"பின்வடத்தக் கீழத்தெருக்காரவிய பிடிக்கட்டும்" என்றார்.

பூமாரி சிரித்துவிட்டாள். "முன்னால தொட்டா ஆகாது, பின்னால தொட்டா ஆகுமாக்கும்?"

"பின்வடம்னு ஒண்ணு நம்ம ஊர்ல இருந்ததே இல்லம்மா. இல்லாத ஒண்ணுக்கு வழக்கம் எங்கேருந்து வரும்?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இரண்டு தெருவும் ஒரே தேரில் கை வைக்கிறது. அவர் அதை நல்லிணக்கம் என்று சொன்னார்.

"எங்களுக்கு வேண்டாம்" என்றாள் பூமாரி.

"பிடிக்கோம்" என்றார் மாசானம்.

அவர் சக்கர நாற்காலியில் கதவோரம் இருந்தார். பூமாரி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதீய?"

"பிடிக்கோம்னு சொல்லுதேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாசானம் நறுமுகையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேகம் கூடும்போது மட்டும் பிடிச்சாப் போதுமா, தாயி?"

"இல்ல. ஆரம்பத்துலேருந்தே பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்."

"சரி" என்றார்.

*

மறு வருடம் ஆனியில் தேருக்குப் புது அச்சு போட்டிருந்தார்கள். அதே காற்று. நறுமுகையை அனுப்பப் பெலிக்ஸுக்கு மனமில்லை. அவளே கேட்டு வந்தாள்.

முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். குற்றாலிங்கம் வடத்தின் தலையைப் பிடித்திருந்தார். பின்னால் கீழத்தெரு மொத்தமும் நின்றது. ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடச் சீருடையில் பெண்பிள்ளைகள். பின்வடம் புதுசு. தேங்காய் நார் வாசனை போகவில்லை. அதன் தலையில் பூமாரி நின்றாள். ஆஸ்பத்திரியில்கூட முகம் கொடுக்காத அவள், இன்று நறுமுகையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாசானம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றி நின்றார். இரும்புக் காலைத் தன் பட்டறையில் தானே திருத்தி வைத்திருந்தார். அவருக்கு இனி வேலை இல்லை என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒரு கட்டையை எடுத்து வந்திருந்தார்.

வெடி போட்டார்கள். நறுமுகை எடையை இறக்கினாள்.

"இழுங்கடே!"

நாற்பது பேரும் இழுத்தார்கள். தேர் அசையவில்லை.

"கிளம்ப நேரமாவும், இழுங்க!" என்றார் குற்றாலிங்கம். போன வருடம் கற்றுக்கொண்டது.

இழுத்தார்கள். கொட்டுக்காரர்கள் ஒரு சுற்று வாசித்து முடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். நாற்பது பேரின் கழுத்து நரம்புகளும் புடைத்தன. சக்கரத்தில் அப்பியிருந்த சந்தனம் அதே இடத்தில் இருந்தது.

குற்றாலிங்கம் வடத்தை விட்டுவிட்டு வந்தார்.

"என்னம்மா, கனம் போவலயா?"

"போயிடுச்சு சார்."

"பெறவென்ன?"

அவள் பின்னால் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

பின்வடம் விறைப்பாக இருந்தது. முந்நூறு பேரும் சற்றே பின்னால் சாய்ந்து நின்றார்கள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெண்பிள்ளை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

குற்றாலிங்கம் மாசானத்திடம் போனார்.

"லேய் மாசானம். ஓடும்போது பிடிக்கதுக்குத்தானல வடம்?"

"ஆரம்பத்துலேருந்தே பிடிக்கணும்னு இஞ்சினியரம்மா சொல்லிருக்காவ."

பின்னால் சிரிப்பு எழுந்து அடங்கியது.

"விளையாடாத. சாமி தேர்ல இருக்கு."

"தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்."

"ஒனக்கு என்ன வேணும்? சொல்லு. ஒங்காலுக்கு என்ன செய்யணுமோ செய்யுதேன்னு அன்னைக்கே சொன்னேன். நீதான் வாங்கல."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். முன்வடத்துல பாதி இடம் விடுங்க அண்ணாச்சி. நாங்களும் இழுத்துட்டு வாரோம்."

மாசானம் அவரை அண்ணாச்சி என்று சொல்லி நறுமுகை கேட்டதில்லை. அதுவரை ஐயா என்றுதான் சொல்வார். குற்றாலிங்கத்தின் காதிலும் அது விழுந்தது. அவர் முகம் மாறியது. நாற்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வேகமாக நறுமுகையிடம் வந்தார்.

"மெஷின அணைங்க."

"சார்?"

"அணைங்க. முழுக் கனத்தோட எம்புட்டு நேரந்தான் பிடிக்காவன்னு பாத்துருவோம்."

"அணைச்சா அவங்க பிடிக்கவே வேண்டாம் சார். தரையே பிடிச்சுக்கும்."

"அணைங்கன்னு சொல்லுதேன்."

அவள் அணைத்தாள். மெதுவாகத்தான் அணைத்தாள். எண் ஏறியது. பத்து, இருபது, நாற்பது. தேர் விரல் அளவு தரையில் இறங்கியது. புது அச்சு முனகியது. நீளமாக, ஒரே சுருதியில் முனகியது.

மாசானம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

பின்வடம் தொய்ந்தது. பூமாரி அதைத் தரையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் வைத்தார்கள். கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டார்கள்.

"இழுங்கல!" என்று குற்றாலிங்கம் கத்தினார்.

நாற்பது பேரும் இழுத்தார்கள். வடம் நிமிர்ந்தது. ஒருவன் வழுக்கி உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள்.

காற்று கூடியது. தொம்பைகள் ஒன்றோடொன்று மோதின. கொட்டு நின்றுபோயிருந்தது.

"திரும்பப் போடுங்க" என்றார் குற்றாலிங்கம்.

"போட்டா அவங்க திரும்பப் பிடிப்பாங்க."

அவர் தேரை அண்ணாந்து பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"முழுக் கனத்தோட இழுக்க எத்தன பேரும்மா வேணும்?"

போன வருடம் ஒரு தடவை அவள் அவருக்கு எண் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை சொல்லவில்லை.

"உங்ககிட்ட இருக்குற ஆள் பத்தாது சார்."

அவர் அங்கேயே நின்றார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

மாசானம் குனிந்தார். ஒற்றைக் காலில் அது சிரமமாக இருந்தது. யாரோ பிடிக்க வந்தார்கள். வேண்டாம் என்று கை காட்டினார். கொண்டுவந்த கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, கம்பால் உள்ளே தள்ளினார். கட்டை கடித்தது.

அவர் அதன் மேல் உட்கார்ந்து, இரும்புக் காலைத் தெருவில் நீட்டிக்கொண்டார்.